சமயம் ஒரு துணைப்பாடமாக

பொறியியலோ இயற்பியலோ பயிலச் சென்ற பிள்ளை, அதனோடு சமயத்தையும் துணைப்பாடமாக எடுத்துக்கொண்டால் அப்பிள்ளையின் விசுவாசம் வளருமா, தேயுமா? பிள்ளைகளை மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியுள்ள பெற்றோர் இன்று நம் பங்குகள் பலவற்றில் உள்ளனர். அவர்கள் நம் போன்ற குருக்களிடம் இக்கேள்வியைச் சற்று அச்சத்தோடு கேட்பதுண்டு. ஞாயிறு திருப்பலிக்கே நேரமில்லை என்னும் பிள்ளை, வாரத்தில் மூன்று மணி நேரம் புத்த சமயத்தையும் இஸ்லாமையும் கற்பானேன் என்பது அவர்கள் ஐயம். இந்த ஐயத்தை நகைத்து ஒதுக்குதல் தகாது. பல்கலைக்கழகத்தில் சமயம் எவ்வாறு பாடமாயிற்று என்னும் வரலாற்றை அறிந்தால் விடை ஓரளவு தெளிவாகும். அவ்வரலாற்றில், தீக்கிரையான நம் ஆலயங்களும் இடம்பெறுகின்றன என்பது பலர் அறியாதது.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளங்கலைப் படிப்பில் மாணவர் ஒரு துறையை ஆழமாகப் பயில வேண்டும். அதனை 'மேஜர்' என்பர். விரும்பினால் வேறொரு துறையில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு பாடங்களை முடித்து அதனை 'மைனர்' எனச் சான்றிதழில் பதிவு செய்துகொள்ளலாம். நம் கல்லூரிகள் நெடுங்காலமாக வழங்கிவரும் முதன்மைப்பாடம், துணைப்பாடம் என்னும் பகுப்பை இது ஒத்தது. எனினும் அங்கே துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பவர் மாணவரே.

கட்டாயத்திலிருந்து தேர்வுக்கு

1636 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹார்வர்டு கல்லூரியின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று, கற்றறிந்த போதகர்களை உருவாக்குதல். சமயம் அங்கே ஒரு பாடமாக இருக்கவில்லை; கல்லூரியின் காற்றாகவே இருந்தது. காலைச் செபம் அனைவருக்கும் கட்டாயம். 1869 இல் தலைவர் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், மாணவர் தம் பாடங்களைத் தாமே தேர்ந்துகொள்ளும் முறையை விரிவுபடுத்தினார். 1886 இல் ஆலய வருகையின் கட்டாயமும் நீங்கியது. அவருக்குப்பின் 1909 இல் வந்த லாரன்ஸ் லோவல், கட்டற்ற தேர்வினால் கல்வி சிதறுவதைக் கண்டு, ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் அறிமுகமும் வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். முதன்மைப்பாடம், துணைப்பாடம் என்னும் அமைப்பு இச்சிந்தனையின் வழியில் உருப்பெற்றதே.

அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஜெர்மானியர் மாக்ஸ் முல்லர், 1870 இல் இலண்டனில் சமய அறிவியல் பற்றி உரைகள் ஆற்றினார். மொழிகளைப் பற்றிக் கவிஞர் கதே கூறிய ஒரு கருத்தை அவர் சமயங்களுக்குப் பொருத்தினார். ஒன்றை மட்டுமே அறிந்தவர் அந்த ஒன்றையும் சரிவர அறியார் என்பது அதன் சாரம். வேதங்களைப் பதிப்பித்த இவ்வறிஞர், ஐரோப்பியருள் முதல் வடமொழி அறிஞர் என்று பாராட்டியவர், 1606 இல் மதுரைக்கு வந்த நம் இராபர்ட் தெ நோபிலி அடிகளாரே. ஒப்பியல் கல்வி திருச்சபைக்கு அந்நியமன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நெதர்லாந்தில் 1876 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களின் இறையியல் துறைகளில் சமய வரலாற்றுக்கு இடம் தந்தது; அடுத்த ஆண்டே லெய்டன் பல்கலைக்கழகத்தில் கொர்னேலியஸ் டீலே அப்பொறுப்பை ஏற்றார். பிரான்சில் நிகழ்ந்தது கசப்பானது. 1885 இல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இருந்த கத்தோலிக்க இறையியல் துறைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு பாரிசில் சமய அறிவியலுக்கென ஒரு தனிப்பிரிவு திறக்கப்பட்டது. இறையியல் வெளியேற்றப்பட்ட வாயிலின் வழியே சமயவியல் உள்ளே வந்தது எனலாம். இப்புதிய கல்வியை நம் முன்னோர் நெடுநாள் ஐயத்தோடு நோக்கியதன் காரணம் இங்கே விளங்குகிறது.

எனினும் அமெரிக்காவில் இக்கல்வி பரவிய வரலாறு வேறு. அதனை அறிய நாம் பல்கலைக்கழகத்தை விட்டுச் சிறுவர் பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

பிலடெல்பியாவின் தீ

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பொதுப்பள்ளிகள் விவிலிய வாசிப்போடு நாளைத் தொடங்கின. வாசிக்கப்பட்டது ஜேம்ஸ் அரசர் காலத்து மொழிபெயர்ப்பு. அது சீர்திருத்தச் சபையினரின் விவிலியம். வாசிப்பவர் விளக்கம் கூறலாகாது என்பது விதி; ஆகவே அது எச்சபையையும் சாராதது என்று பெரும்பான்மையினர் நம்பினர். அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கப் பிள்ளைகளோ, தம் திருச்சபை ஏற்காத மொழிபெயர்ப்பையும், திருச்சபையின் விளக்கமின்றி இறைவார்த்தையைத் தனித்து வாசிக்கும் முறையையும் நாள்தோறும் ஏற்க வேண்டியிருந்தது.

1842 இல் பிலடெல்பியா ஆயர் பிரான்சிஸ் கென்றிக், கத்தோலிக்கப் பிள்ளைகள் தம் விவிலியத்தையே வாசிக்க அனுமதி வேண்டிப் பள்ளி நிர்வாகத்துக்கு மடல் எழுதினார். நிர்வாகம் இசைந்தது. ஆனால் ஆயர் பள்ளிகளிலிருந்து விவிலியத்தையே அகற்ற முயல்கிறார் என்ற வதந்தி பரவியது. 1844 மே மாதம் கென்சிங்டன் பகுதியில் கலவரம் மூண்டது. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீனார் ஆலயமும் எரிக்கப்பட்டன; அகுஸ்தீனார் சபைத் துறவியரின் நூலகமும் தீக்கு இரையாயிற்று. அடுத்து வந்த ஞாயிறன்று நகரின் கத்தோலிக்க ஆலயங்களில் பொது வழிபாட்டை ஆயர் நிறுத்திவைத்தார். ஜூலையில் கலவரம் மீண்டும் எழுந்தது. இரு பக்கத்திலும் பலர் மாண்டனர்.

இக்காயத்தின் நினைவோடுதான் அமெரிக்கக் கத்தோலிக்கர் தம் சொந்தப் பள்ளிகளை எழுப்பினர். 1852 இல் பிலடெல்பியாவின் ஆயரான ஜான் நியூமன், மறைமாவட்டம் முழுமைக்குமான பள்ளி அமைப்பை உருவாக்கினார். 1977 இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1884 இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர் சங்கம், ஒவ்வொரு பங்கும் பள்ளி நிறுவ வேண்டும் என்று பணித்தது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. விளக்கமின்றி வாசிப்பது நடுநிலை என்று எண்ணினர். உண்மையில் விளக்கமின்றி, வினாவின்றி, எழுந்து நின்று வாசிப்பதே வழிபாடு. வழிபாட்டில் பெரும்பான்மையினரின் முறை மட்டுமே ஒலிக்கும்போது, சிறுபான்மைப் பிள்ளை தன் வகுப்பறையிலேயே விருந்தாளி ஆகிறது.

1963 இன் தீர்ப்பு

நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. பென்சில்வேனியா மாநிலச் சட்டம் அப்போதும் ஒவ்வொரு பள்ளி நாளின் தொடக்கத்திலும் விவிலியத்திலிருந்து குறைந்தது பத்து வசனங்கள் விளக்கமின்றி வாசிக்கப்பட வேண்டும் என்று பணித்துக்கொண்டிருந்தது. பிலடெல்பியாவை அடுத்த ஆபிங்டன் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 1956 இல் எல்லரி ஷெம்ப் என்னும் 16 வயது மாணவர், விவிலியம் வாசிக்கப்பட்ட வேளையில் குர்ஆனைத் திறந்து வைத்துத் தமக்குள் வாசித்தார். அவர் இஸ்லாமியர் அல்லர். மூவொரு கடவுள் என்னும் கோட்பாட்டை ஏற்காத யூனிட்டேரியன் சபைக் குடும்பத்தவர். அவர் குடும்பம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1962 ஜூனில், நியூயார்க் மாநில அதிகாரிகள் இயற்றிய 22 சொற்கள் கொண்ட பள்ளிச் செபத்தை அம்மன்றம் செல்லாதென அறிவித்திருந்தது. அத்தீர்ப்பை நியூயார்க் பேராயர் கர்தினால் ஸ்பெல்மன் வன்மையாகக் கண்டித்தார். நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான கென்னடி வேறு விதமாக மறுமொழி கூறினார். இல்லங்களில் இன்னும் மிகுதியாகச் செபிக்கவும், ஆலயத்துக்கு இன்னும் பற்றுறுதியோடு செல்லவும், நம் பிள்ளைகளின் வாழ்வில் செபத்தின் பொருளை உணர்த்தவும் இது வாய்ப்பு என்பதே அவர் கருத்து. ஒரே திருச்சபையின் இரு மக்கள் ஒரே தீர்ப்பை இவ்வாறு வெவ்வேறாக நோக்கினர்.

ஷெம்ப் வழக்கின் தீர்ப்பு 1963 ஜூன் 17 அன்று வெளிவந்தது. திருத்தந்தை 23 ஆம் யோவான் இறைவனடி சேர்ந்து, 6 ஆம் பவுல் இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத நாள்கள் அவை. நீதிபதிகளுள் எண்மர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். பள்ளியில் வழிபாடாக நிகழும் விவிலிய வாசிப்பும் கர்த்தர் கற்பித்த செபமும் அரசியலமைப்புக்கு மாறானவை என்று தீர்ப்பாயிற்று. அன்றைய மன்றத்தின் ஒரே கத்தோலிக்கரான நீதிபதி பிரென்னன், இம்முடிவுக்கு இசைந்து நெடிய தனிக்கருத்து எழுதினார்.

ஆனால் தீர்ப்பு அங்கே முடியவில்லை. அதனை எழுதிய நீதிபதி டாம் கிளார்க், சமயங்களின் வரலாற்றையும் நாகரிக வளர்ச்சியில் அவற்றின் பங்கையும் கல்லாதவரின் கல்வி முழுமையானதன்று என்று கருதத் தக்க காரணம் உண்டு என்றார். விவிலியத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் பொதுக்கல்வியின் பகுதியாகக் கற்பிப்பதற்கு எத்தடையும் இல்லை என்றும் தெளிவுபடுத்தினார். சமயத்தைப் போதித்தல் வேறு, சமயம் பற்றிக் கற்பித்தல் வேறு என்னும் வேறுபாட்டை நீதிபதி கோல்ட்பர்க் தம் தனிக்கருத்தில் சுட்டினார். பத்து வசனங்களை விளக்கமின்றி வாசிப்பது தடுக்கப்பட்டது. அவற்றையே விளக்கத்தோடும் வினாவோடும் கற்பது வரவேற்கப்பட்டது!

இத்தீர்ப்புக்கு முன்பே இதற்கான முயற்சிகள் இருந்தன. அயோவா அரசுப் பல்கலைக்கழகத்தில் 1927 இல் தொடங்கிய சமயப் பள்ளியில் சீர்திருத்தச் சபையார், கத்தோலிக்கர், யூதர் ஆகிய மூவகையினரும் ஆசிரியராய் இருந்தனர். எனினும் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் தயக்கம் 1963 க்குப் பின்னரே நீங்கியது. 1964 இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறை எழுந்தது. கல்லூரி விவிலிய ஆசிரியர்கள் 1909 இல் அமைத்திருந்த சங்கம், அதே 1964 இல் அமெரிக்கச் சமயவியல் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறித்தவமல்லாச் சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையை 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. ஆதரித்தோர் 2,221 பேர், எதிர்த்தோர் 88 பேர். பல்கலைக்கழகம் வாயிலைத் திறந்த அதே ஆண்டுகளில் திருச்சபையும் தன் சாளரங்களைத் திறந்தது. சாண்டா பார்பராவில் 1971 முதல் 1987 வரை பேராசிரியராயிருந்தவர் ரைமோன் பணிக்கர். கேரளத்து இந்துத் தந்தைக்கும் ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கத் தாய்க்கும் பிறந்த குரு அவர். ஒருவர் தம் விசுவாசத்தை வாயிலில் கழற்றி வைக்காமலே பிற சமயத்தைக் கற்பிக்க இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

வகுப்பறையில் நிகழ்வது

இனி, துணைப்பாடமாகச் சமயத்தை எடுக்கும் மாணவர் என்ன கற்கிறார்? பொதுவாக உலகச் சமயங்களுக்கு ஓர் அறிமுகம். எபிரேய மறைநூலோ புதிய ஏற்பாடோ பற்றி ஒரு பாடம். தமக்குப் பழக்கமில்லாத ஒரு சமயம் பற்றி மற்றொன்று. சமயத்தை ஆராயும் முறைகள் பற்றி ஒரு கருத்தரங்கப் பாடம். தேர்வில் நீ நம்புகிறாயா என்று கேட்கப்படுவதில்லை. நம்புகிறவர்கள் எதை, ஏன், எவ்வாறு நம்புகிறார்கள் என்பதே வினா.

இம்முறைக்குத் தெளிவான வடிவம் தந்தவர்களுள் ஒருவர் நினியன் ஸ்மார்ட். இளமையில் பிரித்தானியப் படையில் பணிபுரிந்தபோது இலங்கையில் புத்த சமயத்தை அருகிருந்து கண்டவர் அவர். 1967 இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையை நிறுவினார். சமயம் என்பது கோட்பாடு மட்டுமன்று. சடங்கு, புனித வரலாறு, அனுபவம், அறநெறி, சமூக அமைப்பு, கலையும் கட்டடமும் ஆகிய பரிமாணங்களும் அதற்கு உண்டு என்று அவர் கற்பித்தார்.

நம் வேளாங்கண்ணித் திருவிழாவை இக்கண்ணோட்டத்தில் நோக்குங்கள். ஆகஸ்ட் 29 இன் கொடியேற்றமும் செப்டம்பர் 8 இன் பெருவிழாவும் சடங்கு. பால்காரச் சிறுவனும் போர்த்துக்கீசிய மாலுமிகளும் வரும் மரபுச் செய்தி புனித வரலாறு. காவியுடை அணிந்து நடந்து வருவோரின் உள்ளத்தில் நிகழ்வது அனுபவம். வழிநெடுக உணவும் நீரும் தருவது அறநெறி. சாதி சமயம் கடந்து கூடுவது சமூகம். நம் முன்னோர் மனப்பாடம் செய்த சின்னக் குறிப்பிடம் கோட்பாட்டுப் பரிமாணத்தைச் செவ்வனே தந்தது. மற்றவற்றை வாழ்வு தந்தது. ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்ற பிள்ளைக்கு அவ்வாழ்வு கிட்டுவதில்லை. அங்கே தன் சமயத்தின் முழு உருவத்தையும் முதன்முறை எண்ணிப் பார்க்க இத்தகைய ஒரு வகுப்பே காரணமாகலாம்.

இடர் இல்லையா என்றால், உண்டு. புதிய ஏற்பாட்டு வகுப்பில் மாற்கு நற்செய்தியே முதலில் எழுதப்பட்டது என்றும், மத்தேயுவும் லூக்காவும் அதனைப் பயன்படுத்தினர் என்றும் ஆசிரியர் கூறுவார். விவிலிய அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து இது; நம் குருமடங்களிலும் கற்பிக்கப்படுவது. திருத்தந்தை 12 ஆம் பயஸ் 1943 இல் வெளியிட்ட சுற்றுமடலும், சங்கம் 1965 நவம்பரில் தந்த இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கமும், மறைநூல் ஆசிரியர்களின் காலத்தையும் எழுத்து வகைகளையும் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தியுள்ளன. ஆனால் பொதுநிலையினரான ஓர் இளைஞர் இதனை முதன்முறையாக, விசுவாசம் இல்லாத ஒருவர் வாயிலாகக் கேட்கும்போது, திருச்சபை தன்னிடம் எதையோ மறைத்தது என்று எண்ண இடமுண்டு. அவரைத் தளர்விப்பது அக்கல்வி அன்று. பங்கின் மறைக்கல்வி உறுதிபூசுதலோடு நின்றுவிடுவதே.

மற்றோர் இடர், ஒப்பிடுவதனால் எல்லாம் ஒன்றே எனத் தோன்றுவது. மேலோட்டமான கல்வி அவ்வாறு செய்யக்கூடும். செம்மையாகக் கற்றவரோ வேறுபாடுகளையும் கூர்ந்து அறிவர். நிர்வாணம் விண்ணகமன்று, நோன்பு எல்லாம் ஒரே நோன்பன்று. அடுத்தவரின் நம்பிக்கையை அவருடையதாகவே மதிக்கக் கற்றவர், தம் நம்பிக்கையின் தனித்தன்மையையும் உணர்வர்.

நம் நாட்டில்

நம் நாட்டு வரலாறு இன்னொரு வழியில் சென்றது. 1854 ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை அரசுக் கல்விநிலையங்களைச் சமயப் போதனையிலிருந்து விலக்கியது. 1857 இல் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. விடுதலைக்குப்பின் அரசியலமைப்பின் 28 ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியால் நடத்தப்பெறும் நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்றது. ஆனால் 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக்குழு, சமயப் போதனைக்கும் சமயங்கள் பற்றிய கல்விக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டி, பின்னதை ஆதரித்தது. 2002 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் சமயங்களைப் பற்றிய கல்வியை 28 ஆம் பிரிவு தடுக்கவில்லை என்று கூறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் ஏற்பட்டன. எனினும் அவை பெரும்பாலும் முதுகலைக்கும் ஆய்வுக்கும் உரியவை. வேதியியல் பயிலும் இளங்கலை மாணவர் அயலாரின் சமயத்தை முறையாகக் கற்க நம் கல்லூரிகளில் வாய்ப்பு அரிது. கத்தோலிக்கக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, பிறருக்கு அறநெறி வகுப்பு எனப் பிரித்து நடத்துவதே பழக்கம். ஒரே வளாகத்தில் மூன்றாண்டு பயின்றும், ஒருவர் சமயத்தை மற்றவர் அறியாமலே பிரிகின்றனர். அறியாமை நிறைந்த இடத்தில் வதந்தி எளிதில் பற்றும். பிலடெல்பியாவில் அதுவே நடந்தது.

புனித ஜான் ஹென்றி நியூமன், 1852 இல் டப்ளின் நகரில் ஆற்றிய உரைகளில், இறையறிவை விலக்கும் பல்கலைக்கழகம் அறிவின் முழுமையை இழக்கும் என்று வாதிட்டார். ஓர் அறிவுத்துறையை அகற்றினால் அதன் இடம் வெறுமையாக இராது. பிற துறைகள் தம் எல்லை மீறி அதனை நிரப்பும் என்பது அவர் எச்சரிக்கை. சமயத்தை எங்கும் முறையாகக் கற்காத பொறியாளரும் மருத்துவரும் அதனை அரசியல் மேடையிலிருந்தும் கைபேசியில் வரும் செய்தியிலிருந்துமே கற்கின்றனர். ஆகவே சமயத்தை வாழ்நாள் தொழிலாகக் கொள்ளும் அறிஞரைவிட, ஐந்தாறு பாடங்களை மட்டும் பயின்று வேறு பணிக்குச் செல்லும் மாணவரே சமுதாயத்துக்கு மிகுந்த பயன் தரக்கூடும் என்று நாம் எண்ணுகிறோம். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பிற சமயத்தாரை அன்றாடம் எதிர்கொள்பவர் அவரே.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இது. பிள்ளை சமயத்தைத் துணைப்பாடமாக எடுத்தால் அஞ்ச வேண்டாம். எதை வாசிக்கிறாய் என்று கேளுங்கள், இயன்றால் நீங்களும் வாசியுங்கள். பல்கலைக்கழகம் விசுவாசத்தை ஊட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அது அதன் கடமையன்று. அதனிடம் அக்கடமையை ஒப்படைத்த காலத்தில் துன்புற்றவர்கள் நம்மவரே. செபிக்கக் கற்பிப்பது இல்லத்தின் பணி; நம்பியதைப் புரிந்துகொள்ள உதவுவது பங்கின் பணி. நம் பங்குகளில் உறுதிபூசுதல் பெற்ற இளைஞருக்கு, கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ செல்லும் முன், நான்கு நற்செய்திகளும் எவ்வாறு உருவாயின என்பதையாவது சில மாலைகளில் முறையாகக் கற்பிக்கலாம். மாலைக்கு ஒரு நற்செய்தியாக நான்கு மாலைகள் போதும். அவ்விளைஞர் பின்னர் எந்தப் பல்கலைக்கழக வகுப்பிலும் அச்சமின்றி அமர்ந்து, கேட்டு, வினவி, தெளிவு பெறுவர்.